காவல் நாயைப் பழக்குதலும் அதுபற்றிய தப்பெண்ணங்களும்

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழியை மாட்டுக்கு மாத்திரமன்றி நாய்க்கும் உரியதாகக் கொள்வோர் நாட்டுப்புறங்களிற் பலர். "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்று கூறி, நாயைப் பழக்கும் முயற்சியையே கைவிட்டோரும் உளர். இவ்விரு திறத்தாருடைய வளவுகளிலும் விளைவு ஏறக்குறைய ஒன்றே. கோழி பிடிக்கும் நாயும், அழைத்தால் வராத நாயும், அயல்வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும் நாயும் அங்கே உருவாகின்றன. ஈற்றில் அந்நாய் சங்கிலியிற் கிடந்து காலங் கழிக்கின்றது. அல்லது சாக்கிலே கட்டிக் கொண்டு செல்லப்பட்டுத் தொலைவிலுள்ள சந்தையடியில் விடப்படுகின்றது. அவ்வாறு விடப்பட்ட நாயே பின்னர் கட்டாக்காலியாகி வேறொரு கமக்காரரின் ஆட்டுக்குட்டியைக் கடிக்கின்றது.

நன்கு பழகிய நாய் கமத்துக்கு அளிக்கும் உதவி சிறிதன்று. மரநாயும் நரியும் கோழிக்கூட்டை அணுகாமற் காத்தல், தோட்டத்துட் புகும் குரங்கைக் கலைத்தல், இரவிற் காட்டுப்பன்றி வேலியைக் கிளறும்போது குரைத்து அறிவித்தல், மேயும் ஆடுகளுடன் கூடச் செல்லுதல் ஆகிய யாவும் அதனால் இயலும். இதற்குப் பெரும்பணங் கொடுத்து வாங்கும் சீமைச் சாதி நாய் வேண்டுவதில்லை. நாட்டு நாய் வெப்பத்தைத் தாங்கும். கிடைப்பதை உண்டு வாழும். அதன் செவியும் கூரியது. குறை நாயிலன்று, அதனைப் பழக்குவோர் கொண்டுள்ள சில எண்ணங்களிலேயே உள்ளது.

நாய் கற்கும் முறை

அமெரிக்க உளவியலாளரான எட்வேட் தோண்டைக் என்பவர் 1898 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பூனைகளையும் நாய்களையும் தாழ்ப்பாள் இட்ட பெட்டிகளில் அடைத்து, அவை வெளியேறக் கற்கும் வகையை அவதானித்தார். எந்தச் செயலின் பின் பிராணிக்கு நன்மை உடனே கிட்டியதோ அந்தச் செயலை அது மீண்டும் செய்தது. பயனற்ற செயல்களைப் படிப்படியாகக் கைவிட்டது. இதற்கு நீண்ட யோசனையோ, காரண காரிய விளக்கமோ அதற்குத் தேவைப்படவில்லை. பிற்கால ஆராய்ச்சிகள் பலவும் இவ்வுண்மையை உறுதிப்படுத்தியுள்ளன.

இங்கு "உடனே" என்னும் சொல்லே முக்கியமானது. உடனே என்பது ஓரிரு விநாடிகளைக் குறிக்கும். வயலுக்குப் போய்த் திரும்பும் நேரத்தையோ, பல் துலக்கி முடிக்கும் நேரத்தையோ குறிப்பதன்று. நாய்களைப் பற்றிய தப்பெண்ணங்களிற் பெரும்பாலானவை இந்த ஓரிரு விநாடியை மறந்தமையாற் பிறந்தவையே.

காலந் தாழ்த்திய அடி

விடியற்காலை 6 மணிக்கு நாய் கோழிக்கூட்டினுள் தலையிட்டு 2 முட்டைகளைக் குடித்துவிட்டது எனக் கொள்க. வீட்டுக்காரர் 8 மணிக்குக் கூட்டைப் பார்க்கின்றார். கோதுகளைக் கண்டதும் பூவரசந்தடி ஒன்றை முறித்துக்கொண்டு, "வா இங்கே" என்று நாயை அழைக்கின்றார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு வருகின்றது. அதன் கழுத்தைப் பிடித்து, மூக்கை முட்டைக்கோதில் அழுத்தி, நாலு அடி போடுகின்றார். முட்டை குடிக்கக் கூடாது என்று அந்நாய் அறிந்துகொண்டது என்பது அவருடைய நம்பிக்கை.

நாய் கற்றது வேறு. அழைப்புக் கேட்டது, எசமானிடம் சென்றது, அடி விழுந்தது. ஆகவே அழைக்கும்போது செல்வது ஆபத்து என்பதே அது பெற்ற பாடம். முட்டையைப் பொறுத்தவரை அதன் அனுபவம் மாறவில்லை: கூட்டினுள் தலையிட்டவுடன் சுவையான உணவு கிடைத்தது. மறுநாட் காலையிலும் அது முட்டை குடிக்கும். அழைத்தாற் கிட்ட வராது. அப்பொழுது வீட்டுக்காரர், "கள்ளப் புத்தி பிடித்துவிட்டது" என்பார். அந்தப் புத்தியைப் புகட்டியது அவருடைய கையிலிருந்த தடியே.

இதற்கு மறுப்பாகப் பலர் கூறும் ஒரு வாதம் உண்டு. "செய்தது பிழை என்று நாய்க்குத் தெரியும். பிழை செய்த நாளில் அதன் முகத்தைப் பார்த்தாலே போதும். காதை மடித்து, தலையைக் குனிந்து, வாலைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பதுங்கும்" என்பது அவ்வாதம். இதனை அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 14 நாய்களைக் கொண்டு சோதித்து, 2009 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். எசமான் ஒரு தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று நாய்க்குக் கட்டளையிட்டு அறையை விட்டு வெளியேறுவார். அவர் இல்லாத வேளையிற் சில நாய்கள் அதைத் தின்றன, சில தின்னவில்லை. ஆனால் திரும்பி வந்த எசமானிடம் சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் கூறப்பட்டன. எனவே ஒன்றுந் தின்னாத நாய்கள் சிலவும் ஏச்சு வாங்கின. பதுங்கும் தோற்றம், நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கவில்லை. எசமான் ஏசினாரா இல்லையா என்பதையே பொறுத்திருந்தது. குற்றமற்றிருந்தும் ஏச்சுக் கேட்ட நாய்களிடத்தே அத்தோற்றம் மிகுதியாகக் காணப்பட்டது என்பது கருதத்தக்கது. மனிதர் குற்றவுணர்ச்சி என்று வாசிப்பது நாயின் அச்சத்தையே.

ஆதலால் செயல் நடக்கும் விநாடியிற் காணாத பிழைக்குத் தண்டனை கொடுத்தல் வீண். கூட்டின் கதவைப் பழுதுபார்த்தல், முட்டைகளை நேரத்துக்குச் சேகரித்தல் ஆகிய இரண்டுமே அங்கு செய்யத்தக்கன. கையுங் களவுமாகக் கண்டவிடத்தும் அடி வேண்டியதில்லை. உரத்த ஓர் ஒலியால் நாயின் கவனத்தைத் திருப்பி, அது கூட்டை விட்டு விலகி வந்தவுடன் ஒரு துண்டு தீன் கொடுத்தால், விலகி வருதலும் இலாபமே என்று அது அறியும்.

"வா" என்னும் சொல்

நாய்க்குக் கற்பிக்கவேண்டிய முதற்பாடம் அழைத்தவுடன் வருதல். இதனைக் கெடுப்பவர் பெரும்பாலும் வீட்டாரே. குளிப்பாட்டுவதற்கும், கட்டிப்போடுவதற்கும், அடிப்பதற்கும் மட்டுமே "வா" என்று அழைத்தால், எந்த நாயும் வர விரும்பாது. கட்டவேண்டிய வேளையில் வீட்டார் தாமே நாயிடம் சென்று கட்டுதல் நன்று. அழைப்பு எப்பொழுதும் நன்மையிலேயே முடிதல் வேண்டும்.

பழக்கத் தொடங்குவதற்கு ஏற்ற வேளை, தீன் வைப்பதற்குச் சற்று முந்திய நேரம். நாய் பசியோடிருக்கும். 15 அடி நீளமான தும்புக்கயிறு ஒன்றைக் கழுத்துப்பட்டியிற் கட்டி, சில அடி தூரத்தில் நின்று ஒரே தடவை அழைத்தல் வேண்டும். அது திரும்பி அடியெடுத்து வைத்தவுடன் புகழ்ந்து, வந்து சேர்ந்தவுடன் உப்புப் போகக் கழுவிய நெத்தலிக் கருவாடு ஒன்றையோ, அவித்த ஈரற் துண்டொன்றையோ கொடுத்தல் வேண்டும். வராதவிடத்துக் கயிற்றை மெதுவாகக் கூட்டிக்கொள்ளலாம், வெடுக்கென இழுத்தலாகாது. நாளொன்றுக்கு 5 நிமிட நேரம் இருமுறை போதும். ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் பழக்கினால் நாய் சலிக்கும். பழக்குபவர் அதற்கு முன்பே சலிப்பார்.

வீட்டிலே தகப்பன் "வா" என்கிறார். பிள்ளைகள் "கம்" என்கின்றனர். தாய் நாக்கைச் சொடுக்கி அழைக்கின்றாள். நாய்க்கு இவை மூன்றும் வெவ்வேறு ஒலிகள். நாயுடன் ஆங்கிலத்திலே பேசினாற்றான் அதற்கு விளங்கும் என்ற எண்ணம் எங்ஙனம் பரவியதோ, பட்டணத்திலும் கிராமத்திலும் இன்று அது பெருவழக்காயிருக்கின்றது. எம்மொழிச் சொல்லாயினும் நாய்க்கு ஒன்றே. குறுகிய ஒரே சொல்லை வீட்டார் எல்லோரும் ஒரே கருத்திற் பயன்படுத்துதலே வேண்டப்படுவது.

கோழி பிடிக்கும் நாய்

கமக்காரருக்குப் பெரிதும் நட்டம் விளைவிப்பதும், அவர்களைப் பெரிதும் கோபமூட்டுவதும் இதுவே. "இரத்தச் சுவை கண்ட நாய் திருந்தாது" என்பது பரவலான நம்பிக்கை. செத்த கோழியை நாயின் கழுத்திற் கட்டி அழுகும்வரை தொங்கவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இது கொடுமையானது என்பது ஒருபுறமிருக்க, பயனற்றது. கோழியைத் துரத்திய செயலுக்கும், அதன்பின் நாட்கணக்காக மூக்கில் ஏறும் நாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதாக நாய் அறிய வழியில்லை.

நாயைத் தூண்டுவது இரத்தமன்று, அசைவு. சிறகடித்துக் கத்திக்கொண்டு ஓடும் பொருளைத் துரத்துதல் நாயின் பிறவிக்குணம். துரத்துதலே அதற்கு இன்பம், பிடித்துத் தின்னவேண்டுமென்பதில்லை. 5 அல்லது 6 மாதக் குட்டி விளையாட்டாகத் துரத்தத் தொடங்கி, ஒரு நாள் கோழி அகப்பட்டு இறக்கின்றது. விளையாட்டைப் பார்த்துச் சிரித்த வீட்டார் அன்றுதான் தடியை எடுக்கின்றனர். பழக்கமோ முன்னரே ஊன்றிவிட்டது.

நாய் தன் இயல்பினாலேயே கோழிக்கும் ஆட்டுக்கும் பகை என்று எண்ணுவதும் சரியன்று. துருக்கியின் கங்கல், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்குமிடையிலுள்ள பிரனீஸ் மலைநாட்டின் பெரிய வெள்ளை நாய், இத்தாலியின் மாறெம்மா ஆகிய சாதிகள் பன்னெடுங்காலமாக ஆட்டுப்பட்டிகளைக் காத்து வருகின்றன. இவற்றின் வெற்றிக்குச் சாதிக்குணம் ஒரு காரணம். குட்டிப்பருவத்திலேயே ஆடுகளின் நடுவே வளர்க்கப்படுதல் மற்றொரு காரணம்.

பறவைகளுக்கும் இது பொருந்தும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலே நல்லதோர் உதாரணம் உண்டு. வோர்ணம்பூல் நகரை அடுத்துள்ள மிடில் தீவில் நூற்றுக்கணக்காக வாழ்ந்த சிறிய பென்குயின் பறவைகளை, வற்றுக்காலத்திற் கடலைக் கடந்து சென்ற நரிகள் கொன்றமையால், 2005 ஆம் ஆண்டளவில் அவை பத்துக்கும் குறைவாயின. தன் கோழிகளை மாறெம்மா நாயினாற் காத்துவந்த கோழி வளர்ப்பாளர் ஒருவரின் யோசனைப்படி, 2006 ஆம் ஆண்டில் அந்நாய்கள் தீவிற் காவல் வைக்கப்பட்டன. பறவைகள் மீண்டும் பெருகின. 2017 ஆம் ஆண்டிற் கடல் கொந்தளித்து நாய்களைத் தீவுக்குக் கொண்டுசெல்ல இயலாதிருந்த வேளையில், நரிகள் மறுபடியும் புகுந்து பெருந்தொகையானவற்றைக் கொன்றன. நாய் நின்றபோதும் நில்லாதபோதும் விளைந்த வேறுபாடு இதனாற் புலனாகும்.

நம் நாட்டு நாய் இச்சாதிகளைப் போன்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. ஆயினும் வழி ஒன்றே. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதல், கோழிகளை வலைக்கம்பி வேலிக்கு அப்பால் அது காணும்படி வைத்தல் வேண்டும். கோழிகளுக்குத் தீன் போடும் வேளைகளிற் குட்டியைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு அருகில் நிற்கலாம். அது கோழியைப் பார்த்துவிட்டுத் தானாகவே பிடித்திருப்பவரின் முகத்தை நோக்குமாயின், அந்த விநாடியிலேயே தீன் கொடுத்தல் வேண்டும். கோழி என்பது துரத்தத்தக்க பொருள் அன்று. வளவிலுள்ள மரத்தையும் கிணற்றையும் போல என்றும் இருக்கும் பொருள் என்பது மெல்ல மெல்லப் பதியும். ஒன்று அல்லது ஒன்றரை வயது ஆகுமட்டும் நாயைக் கோழிகளுடனோ சிறு ஆட்டுக்குட்டிகளுடனோ தனியே விடுதல் தகாது. 6 மாதம் ஒழுங்காயிருந்த நாயை நம்பி விட்டு, ஏழாம் மாதத்தில் நட்டப்படுவோர் பலர்.

பலமுறை கோழி கொன்று பழகிய வளர்ந்த நாயைத் திருத்துதல் அரிது. அங்ஙனமான நாய் வளவில் இருக்குமாயின், பழக்குவதிற் செலவிடும் உழைப்பைக் கோழிகளுக்கு நல்ல அடைப்பு அமைப்பதிற் செலவிடுதலே புத்தி. அதே நாய் வெளிவளவிலே காவலுக்கு உதவும். அதனைக் கொல்லவோ துரத்தவோ வேண்டியதில்லை.

மூர்க்கமும் காவலும்

கடிக்கும் நாயே காவல் நாய் என்று கருதிச் சிலர் குட்டியைச் சிறுவயது முதல் பகல் முழுவதும் கட்டி வைக்கின்றனர். பச்சை இறைச்சி கொடுக்கின்றனர். பிள்ளைகள் கோலாற் குத்திச் சினமூட்டுவதையும் அனுமதிக்கின்றனர். பச்சை இறைச்சியால் மூர்க்கம் உண்டாவதில்லை. மாறாக, அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரல் முதலியவற்றைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மலத்துடன் வெளியேறி, மனிதரின் ஈரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கக்கூடும். நாய்க்குக் கொடுக்கும் இறைச்சியை அவித்தே கொடுத்தல் வேண்டும்.

கட்டி வளர்த்த நாய் மூர்க்கமாவது உண்மை. ஆனால் அம்மூர்க்கம் கள்வனைத் தேடிச் செல்வதில்லை. ஓடித் தப்ப வழியில்லாத நாய், அணுகும் எதனையும் அஞ்சிக் கடிக்கின்றது. கயிற்றின் நீளத்தை அறிந்த கள்வன் அதற்கு அப்பால் நடந்துபோவான். அகப்படுவது பந்தை எடுக்க வரும் பிள்ளையே. வளவுக்கு உதவுவது கடியன்று, குரைப்பு. அந்நியர் வரவை அறிவித்து, வீட்டார் வந்து ஒரு சொற் சொன்னவுடன் அடங்கும் நாயே சிறந்த காவலாளி. கட்டாயமாகக் கட்டவேண்டிய வளவுகளில் இரு மரங்களுக்கிடையே உறுதியான கம்பி கட்டி, அதில் ஓடும் வளையத்திற் சங்கிலியைக் கோத்துவிட்டால் நாய் உலாவ இடமுண்டாகும். நிழலும் நீரும் அருகே இருத்தல் வேண்டும்.

நாய் ஓநாயின் வழித்தோன்றல், ஆதலால் எசமான் அதனை மல்லாக்கப் புரட்டி அழுத்தித் தன் தலைமையை நிலைநாட்டவேண்டும் என்பது நூல்களின் வழி வந்த வேறொரு தப்பெண்ணம். இதற்கு ஆதாரமாயிருந்தது, அடைத்து வைத்த ஓநாய்களைப் பற்றி ருடொல்ப் ஷெங்கெல் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி. காட்டு ஓநாய்களைப் பல்லாண்டு அவதானித்த டேவிட் மெக், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் குட்டிகளுமடங்கிய ஒரு குடும்பமே என்று 1999 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். தலைமைக்கு இடைவிடாத போர் அங்கில்லை. நாயைப் புரட்டி அழுத்துபவர் பெறுவது பெரும்பாலும் முகத்திற் கடி.

உறுமுதலும் வாலாட்டுதலும்

உறுமும் நாயை அடித்து அடக்குதல் மிக்க ஆபத்தானது. உறுமல், "இன்னும் கிட்ட வராதே" என்னும் எச்சரிக்கை. அடிக்குப் பயந்து உறுமலை நிறுத்திய நாய், உள்ளே அதே அச்சத்துடன் இருந்து, ஒரு நாள் எச்சரியாமலே கடிக்கும். உண்ணும்போதும் குட்டிகளுடன் இருக்கும்போதும் நாயை நெருங்காதிருக்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும். வாலாட்டும் நாய் எல்லாம் நட்புடையது என்பதும் பிழை. உடல் விறைத்து, கண் வெறித்து, உயர்த்திய வாலைக் குறுக அசைக்கும் நாயை அணுகலாகாது.

குட்டியின் வயதும் பாலும்

தாயைவிட்டுச் சீக்கிரம் பிரித்தாற் குட்டி வீட்டாரிடம் நன்றாக ஒட்டும் என்று எண்ணி, 4 கிழமைக் குட்டியைக் கொண்டுவருவோர் உளர். கடியின் அளவைக் குட்டி அறிவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதே. 8 கிழமை ஆகும்வரை தாயுடன் விடுதல் நன்று. பிறந்து 3 கிழமை முதல் 12 அல்லது 14 கிழமை வரையுள்ள காலத்திலே காண்பவற்றை நாய் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் என்பது ஆராய்ச்சிகளாற் பெறப்பட்டது. குடை, துவிச்சக்கரவண்டி, உழவு இயந்திரத்தின் ஓசை, பள்ளிப்பிள்ளைகள், ஆடு, மாடு யாவற்றையும் அக்காலத்தில் அதற்குக் காட்டிவிடல் வேண்டும். இதனாற் கிழநாய் கற்காது என்று கொள்ளலாகாது. அது மெதுவாகக் கற்கும். பழைய அச்சங்களை விடுவதற்கு நாட்செல்லும்.

பெட்டைக்குட்டி காவலுக்கு ஆகாது என்பது ஆதாரமற்றது. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விடப்படும் குட்டிகளிற் பெரும்பாலானவை பெட்டைகளாயிருப்பதற்கு இதுவும் குட்டி போடும் என்ற பயமுமே காரணம். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பெட்டையும் ஆணைப் போலவே குரைக்கும். ஆணைப் போன்று அலையாது.

பழக்கத்தால் மாறாத ஒன்று

சாதுவாயிருந்த நாய் திடீரெனக் குணம் மாறுமாயின் அதனைப் பழக்கக் குறைவென்று எண்ணித் திருத்த முற்படலாகாது. காரணமின்றிக் கடித்தல், குரல் மாறுதல், வாயில் நீர் வடிதல், தாடை தொங்குதல், விழுங்க இயலாமை ஆகியவை விசர் நோயின் குறிகளாயிருக்கலாம். விசர் நாய் தண்ணீருக்கு அஞ்சும் என்று நம்பி, நீர் குடிக்கும் நாயை ஐயமின்றித் தொடுவது உயிருக்கே கேடாகும். நீருக்கு அஞ்சுதல் அந்நோயுற்ற மனிதரிடத்துக் காணப்படும் குறியேயன்றி நாயிடத்து எதிர்பார்க்கத்தக்கதன்று. மூர்க்கமின்றி மூலையில் மந்தமாகக் கிடக்கும் விசரும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று அதன் வாயினுட் கைவிடுதல் ஒருபோதும் கூடாது.

ஐயத்துக்கிடமான நாயை அணுகாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அரசாங்க மிருக வைத்தியருக்கோ உடனே அறிவித்தல் வேண்டும். கடிபட்டவரின் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிட நேரம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ பூசிக் கட்டிக்கொண்டு வீட்டில் இருத்தலாகாது. நோய்க்குறிகள் தோன்றிய பின் மருந்து பயன்படுவதில்லை. வளவிலுள்ள நாய்க்கு ஆண்டுதோறும் விசர்த் தடுப்பூசி போட்டு, அதற்குரிய அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்தல் வேண்டும். கூட்டத்தைக் கண்டு மிரளாமலும், பிடிப்பவரைக் கடியாமலும் ஊசி போடும் இடத்துக்கு நடந்து வரும்படி நாயைக் கயிற்றிற் பழக்கியிருப்போருக்கு அந்நாளில் ஒருவித தொல்லையும் இராது.